இளங்கோவனின் திரைத்தமிழும் தோட்டத்துச் செவிகளும்

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை மாணவர்க்கு விளக்குவோர் வீரமாமுனிவரில் தொடங்கி, ஆறுமுக நாவலர், வேதநாயகம் பிள்ளை, பாரதியார், மறைமலையடிகள், திரு.வி.க. என வரிசைப்படுத்தி, மணிக்கொடி எழுத்தாளர்களிடம் வந்து நிற்பர். பாடநூல்களும் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. இவ்வரிசையில் திரைப்படத்திற்கு உரையாடல் எழுதியோருக்கு இடமில்லை. அறிஞர் அண்ணாவும் கலைஞர் கருணாநிதியும் குறிப்பிடப்படுவதுண்டு. ஆயினும், அவர்கள் மேடைத்தமிழின் வல்லுநராகவும் அரசியல் தலைவராகவுமே அங்கு இடம்பெறுகின்றனர். அவ்விருவருக்கும் முன்னரே, 1937ஆம் ஆண்டில், திரையில் பேசப்பட்ட தமிழை இலக்கியத்தின் பக்கம் திருப்பியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தணிகாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட இளங்கோவன்.

நூலைக் கையிலெடுத்துப் படித்தவரை மட்டும் இலக்கிய வரலாறு கணக்கில் கொள்கின்றது. காதால் கேட்டவரைக் கணக்கில் கொள்வதில்லை. இளங்கோவன் பெயர் விடுபட்டதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். தமிழகத்தில் அச்சுநூல் எளிதில் கிடைத்த ஊர்களில் இருந்தோருக்கு இவ்விடுபாடு பெரிதாகத் தோன்றாமற் போகலாம். ஆனால், மலேசியத் தோட்டப்புறத்திலிருந்து நோக்குங்கால் அது பெருங்குறையாகவே தெரிகின்றது. கோல சிலாங்கூரையும் அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் பரந்திருந்த தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு இளங்கோவனின் எழுத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலெட்டாத நிலம்

சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் எனத் தொடர்ந்த இந்நிலப்பரப்பில் காடழித்துப் பால்மரம் நட்டவருள் பெரும்பாலோர் தமிழர். மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு உருவானதும் இப்பகுதியிலேயே. அதன் பெயரே ‘தென்னமரம்’ எனத் தமிழாக அமைந்தது. அத்தோட்டத்தை உருவாக்கிய ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், தாம் இங்குக் கண்ட வாழ்க்கையை ‘மலேசி’ என்னும் நாவலாக எழுதி, 1930ஆம் ஆண்டு பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசினைப் பெற்றார். அந்நாவலில் தமிழரும் வருகின்றனர். தங்களைப் பற்றி இப்படியொரு நூல் எழுதப்பட்டதை அறியும் வாய்ப்பு லயங்களில் வாழ்ந்தோருக்கு இருந்திருக்க இயலாது. அவர்களுள் மிகப் பலர் தம் தாய்மொழியிலேயே எழுத்தறியாதவர்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைய வேண்டும் என விதித்தது. அவ்வாறு அமைந்தவற்றுள் பல, ஓராசிரியர் பள்ளிகள். சில ஆண்டுகள் படித்தபின் பிள்ளைகள் பெற்றோருடன் வேலைக்காட்டிற்குச் சென்றனர். விடியுமுன் பெரட்டில் நின்று, பகலெல்லாம் மரம் வெட்டி, பாலெடுத்து ஒப்படைத்துத் திரும்புவோர்க்கு இலக்கியம் என்பது வேறு வழிகளில்தான் வந்தாக வேண்டும். கோயில் திருவிழாக் கூத்து, பாரதம் படித்தல், தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை அவ்வழிகள். பின்னர் இவற்றோடு சேர்ந்தது பேசும்படம். நகரக் கொட்டகைகளில் ஓடிய தமிழ்ப்படங்கள் காலப்போக்கில் தோட்டத் திடல்களிலும் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்டன. பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து தரையில் அமர்ந்து படம் பார்த்த தலைமுறை அது. அத்தலைமுறை பேசும்படத்தின் வழி கேட்ட தமிழ் எத்தகையது, அது எங்கிருந்து வந்தது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இளங்கோவனுக்கு முன்

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைத் தொடர்ந்த படங்கள் பெரும்பாலும் நாடகக் கம்பெனிகளின் மேடைநாடகங்களே. மேடைக்கு முன் ஒளிப்படக் கருவியை வைத்துப் பிடித்தவை போன்றவை. பாட்டே அவற்றின் உயிர். ஒரு படத்தில் ஐம்பது பாடல்கள் வரை இடம்பெற்ற காலம் அது. பேச்சு என்பது இரு பாடல்களுக்கிடையே அமைந்த பாலமாக இருந்ததேயன்றித் தன்னளவில் ஒரு கலையாக மதிக்கப்படவில்லை. மேடையில் வழக்கமாயிருந்த வடமொழிக் கலப்புநடையும் வீட்டுப் பேச்சும் ஒரே காட்சியில் மாறி மாறி ஒலித்தன.

அமெரிக்காவிலும் இதனையொத்த மாற்றம் சற்று முன்னர் நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டில் திரை பேசத் தொடங்கியதும், ஹாலிவுட் நிறுவனங்கள் நாடக ஆசிரியர்களையும் செய்தியாளர்களையும் தேடி அழைத்தன. சிக்காகோ நாளிதழ்களில் பணியாற்றிய பென் ஹெக்ட் போன்றோர் அவ்வாறு திரையுலகில் நிலைபெற்றவர்கள். ஊமைப்பட நாளிலேயே புகழ்பெற்றிருந்த பிரான்சிஸ் மேரியன் என்னும் பெண் எழுத்தாளர், பேசும்படத்திற்கும் எழுதி இருமுறை ஆஸ்கர் விருது பெற்றார். தமிழகத்திலும் பத்திரிகையுலகமே திரைக்கு எழுத்தாளரை அளித்தது. 1933ஆம் ஆண்டு தோன்றிய மணிக்கொடியோடு தொடர்புடையோர் சிலர் திரைக்குச் சென்றனர். பி.எஸ். ராமையா ‘மதனகாமராஜன்’ படத்திற்கு எழுதினார். புதுமைப்பித்தனும் பின்னாளில் திரைக்கு எழுதச் சென்றார். இவர்களுக்கெல்லாம் முன்னதாக அவ்வட்டத்திலிருந்து சென்று, திரையையே தம் முதன்மைத் துறையாக்கிக் கொண்டவர் இளங்கோவன்.

‘அம்பிகாபதி’ ஏற்படுத்திய திருப்பம்

1937ஆம் ஆண்டு வெளிவந்த ‘அம்பிகாபதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்று 1935ஆம் ஆண்டு இந்தியா வந்த அவர் தமிழ் அறியாதவர். கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையே எழுந்த காதலைச் சொல்லும் அக்கதையை அவர் ‘ரோமியோ ஜூலியத்’தோடு ஒப்புநோக்கினார், ஷேக்ஸ்பியரின் காதற் காட்சிகளைத் தழுவி எழுதுமாறு இளங்கோவனைத் தூண்டினார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றது.

இவ்வெற்றியை ஆராய்வோர் பாகவதரின் இசையையே முதற்காரணமாகக் கூறுவர். அது பொய்யன்று. ஆயினும், இங்கே எழுத்தாளர் ஆற்றிய பணி தனித்து எண்ணத்தக்கது. மொழியறியாத இயக்குநர் காட்சியின் அசைவையும் ஒளியையும் கவனித்துக்கொள்ள, சொல்லின் பொறுப்பு முழுவதும் எழுத்தாளர் கைக்கு வந்தது. ஆங்கில நாடகத்தின் உணர்ச்சியைப் பெற்றுக்கொண்ட இளங்கோவன் அதன் வாக்கிய அமைப்பைப் பெயர்த்து வைக்கவில்லை; காதலர் பேச்சில் அகப்பாடல் மரபின் சாயலைப் படரவிட்டார். இதனால் பாட்டு நின்றபின்னும் கவிதை நிற்காத ஒரு நிலை திரையில் உண்டாயிற்று. தமிழ்த்திரையில் பேச்சும் பாட்டும் ஒன்றற்கொன்று ஈடாக நிற்கத் தொடங்கியது இங்கேதான்.

இப்படத்தின் கதை வரலாறு அன்று. கம்பர், ஒட்டக்கூத்தர், குலோத்துங்கன் ஆகியோரை ஒரே அவையில் நிறுத்தும் செவிவழிக் கதையே அது. தமிழாசிரியர் இதனை மாணவர்க்கு எடுத்துக்கூற வேண்டும். ஆனால், அக்கதை கேட்டவர் மனத்தில் எதனை விதைத்தது என்பதையும் உடன் கூற வேண்டும். கம்பர் என்னும் பெயரை ஏட்டில் படித்திராத ஒருவர், கம்பர் என ஒரு பெரும்புலவர் இருந்தார் என்பதைத் திரையின் வழியே அறிந்தார்.

இளங்கோவன் எழுதிய படங்களை வரிசைப்படுத்தினால் இக்கருத்து மேலும் தெளிவாகும். ‘திருநீலகண்டர்’ (1939) பெரியபுராணத்து நாயனார் கதை. ‘கண்ணகி’ (1942) சிலப்பதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘சிவகவி’ (1943) பொய்யாமொழிப் புலவரைப் பற்றியது. இவற்றோடு அசோகன் கதையான ‘அசோக்குமார்’ (1941), சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) ஆகியனவும் சேரும். கதைத் தேர்வு தயாரிப்பாளர் கையில் இருந்திருக்கலாம். எனினும், புலவரையும் காப்பியத் தலைவியையும் அவர்க்குத் தகுந்த மொழியில் பேசவைத்தவர் எழுத்தாளரே. இப்படங்களைத் தொடர்ந்து கேட்டவர், தம்மை அறியாமலே தமிழிலக்கிய வரலாற்றின் சில இயல்களைக் கேட்டவராவார்.

‘கண்ணகி’யும் காலத்தின் தடையும்

இளங்கோவனின் எழுத்து உச்சம் தொட்ட படம் ‘கண்ணகி’ என்பதில் திறனாய்வாளரிடையே பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. ஜூபிடர் நிறுவனத்தார் தயாரிப்பில், ஆர்.எஸ். மணி இயக்கத்தில் வெளிவந்த அப்படத்தில் கோவலனாக பி.யு. சின்னப்பாவும் கண்ணகியாக பி. கண்ணாம்பாவும் நடித்தனர். கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. பாண்டியன் அவையில் நீதி கேட்கும் காட்சியில் அவர் முழங்கிய தமிழ், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நடிகையர்க்கும் முன்மாதிரியாயிற்று. ஒரு மொழியின் செவ்விய நடையைச் செவிவழியாகவே கைக்கொள்ள இயலும் என்பதற்கு அந்நடிகையே சான்று.

‘கண்ணகி’ வெளிவந்த 1942ஆம் ஆண்டில் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. இந்தியாவோடு கொண்டிருந்த போக்குவரத்து அறுந்துபோயிருந்தது. ஆகவே, இளங்கோவனின் மிகச் சிறந்த படங்களான ‘கண்ணகி’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ ஆகிய மூன்றும் வெளிவந்த நாளில் இந்நாட்டுத் தமிழரை எட்டவில்லை. அவை சென்னையில் ஓடிய ஆண்டுகளில்தான் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பிற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் - பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. 1945ஆம் ஆண்டு போர் முடிந்து கப்பல் வழி திறந்தபின்னரே அப்படங்கள் இங்கு வருதற்கு வழியுண்டாயிற்று.

இக்காலத் தாழ்ச்சி திறனாய்வுக்கு முக்கியமானது. ஒரே படத்தை இரு நாட்டார் இருவேறு நிலையில் நின்று பார்த்தனர். சென்னையில் ‘கண்ணகி’யைக் கண்டோர் ஒரு காப்பியம் திரையேறியதைக் கண்டனர். போருக்குப் பின் தோட்டத்தில் அதனைக் கண்டோருள், கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு அவன் இறந்தானா இருக்கின்றானா என்று அறியாத பெண்களும் இருந்திருப்பர். அநீதியாய்க் கணவனை இழந்த ஒருத்தி ஆட்சியாளன் முன் நின்று கணக்குக் கேட்கும் காட்சியை அவர்கள் வெறும் காப்பியக் காட்சியாகக் கேட்டிருக்க முடியுமா?

தோட்ட வாழ்வின் பிறிதொரு நிலையும் இங்கு எண்ணத்தக்கது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஊதிய உயர்வும் கள்ளுக்கடை மூடலும் மட்டுமன்றி, துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. அந்த எழுச்சி படைகொண்டு அடக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. ‘கண்ணகி’ அதற்குப் பின்னர் வந்த படமாதலால், எழுச்சிக்குத் திரைப்படம் காரணமன்று. தம் உரிமையைத் தாமே உணர்ந்தவர்களாகவே அத்தொழிலாளர் இருந்தனர். ஆனால், துரைமுன் வாய்திறக்க அஞ்ச வேண்டியிருந்த ஒரு சூழலில், அரசன்முன் அஞ்சாது பேசும் ஒரு தமிழை இளங்கோவன் பொதுச்சொத்தாக்கினார். கேட்கும் உரிமைக்கு உரிய ஒரு நடை இருக்கின்றது என்பதை அக்காட்சி காட்டிற்று. இதனையே அவருடைய தலையாய பங்களிப்பாகக் கொள்ள வேண்டும்.

குறைகள்

இளங்கோவனைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அவர்மீது கூறத்தக்க குறைகள் இரண்டு.

முதலாவது, அவருடைய மாந்தர் எல்லாரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்று பேசுகின்றனர். அரசனும் புலவனும் காதலனும் தத்தம் நிலைக்கேற்ப வேறுபடுவதைக் காட்டிலும் நடையின் பெருமிதத்தில் ஒன்றுபடுவதே மிகுதி. எளிய மாந்தரின் பேச்சு நகைச்சுவைப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. உயர்ந்த உணர்ச்சிக்குச் செந்தமிழ், சிரிப்பிற்குப் பேச்சுத்தமிழ் என்னும் பிரிவினை நாடக மேடையிலிருந்து வந்ததே. இளங்கோவன் அதனை மாற்றவில்லை, உறுதிப்படுத்தினார். அவருடைய நடை தனித்தமிழும் அன்று. வடசொற்கள் இயல்பாகவே அதில் கலந்துள்ளன. அவர் கருதியது சொல்லின் தூய்மையை அன்று. ஓசையின் ஒழுங்கையே எனலாம்.

இரண்டாவது குறை தோட்டப்புறத்தாருக்கு மிக நெருங்கியது. உழைப்பவரின் வாழ்க்கை இளங்கோவனின் திரையில் இடம்பெறவில்லை. தமிழ்த்திரை தோட்டத்தை அறியாததன்று. அவருக்கு முன்னரே, 1936ஆம் ஆண்டு டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் கதைத்தலைவன் இலங்கைக்கு ஓடித் தோட்டக்கூலியாக வேலை செய்கின்றான். ஆனால், அங்கும் தோட்டம் என்பது வழிதவறிய செல்வன் பட்டுத் திருந்தும் இடமே. அங்கேயே பிறந்து அங்கேயே மடிவோரின் கதை அன்று. திரைத்தமிழைச் செம்மைப்படுத்திய இளங்கோவனின் கையிலாவது அம்மக்கள் பேசியிருந்தால் அது பெரும்பேறாய் இருந்திருக்கும். அவ்வாய்ப்பு நிகழவில்லை.

இதன் விளைவு வகுப்பறையில் வெளிப்பட்டது. லயத்தில் பேசப்படும் தமிழ் தாழ்ந்தது, திரையில் கேட்கும் தமிழே உயர்ந்தது என்னும் எண்ணம் பிள்ளைகள் மனத்தில் படிந்தது. ‘பெரட்டு’, ‘கிராணி’, ‘லயம்’, ‘ஆயாக்கொட்டகை’ முதலிய சொற்கள் ஒரு வாழ்க்கையின் வரலாற்றைத் தாங்கியவை. அவற்றை எழுத்தில் கொணரக் கூசிய எழுத்தாளரும் இருந்தனர். கா. பெருமாளின் ‘துயரப்பாதை’யும், சயாம் துயரத்தைச் சொன்ன அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகியனவும் வந்தபின்னரே தோட்டத்து மக்கள் மலேசியத் தமிழ் நாவலில் தலைமாந்தராய் நிமிர்ந்து நின்றனர். திரை கொடுத்த பெருமிதத்தை ஏற்றுக்கொண்டு, அது மறைத்த பேச்சை மீட்டெடுக்கும் பணியை இந்நாட்டு எழுத்தாளர்களே செய்ய வேண்டியிருந்தது.

பின்வந்தோரும் மறைந்த பெயரும்

1944ஆம் ஆண்டு இறுதியில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கொலைவழக்கொன்றில் சிறைசென்றனர். 1947ஆம் ஆண்டு விடுதலையாயினர். அவ்விடைவெளியில் திரையுலகின் போக்கு மாறிற்று. 1949ஆம் ஆண்டு அண்ணாவின் ‘வேலைக்காரி’யும், 1952ஆம் ஆண்டு கருணாநிதியின் ‘பராசக்தி’யும் வெளிவந்தன. உரையாடலுக்காகவே படம் பார்க்கும் வழக்கம் பெருகிற்று. ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியைப் போற்றுவோர், அதற்குப் பத்தாண்டு முன்னரே பாண்டியன் அவையில் ஒரு பெண் வழக்குரைத்த காட்சியை நினைவுகூர்தல் வேண்டும். குற்றஞ்சாட்டப்படுவோன் அரசன் என்பது மாறிச் சமுதாயம் என்றாயிற்று. செந்தமிழ் அடுக்குமொழியாய் விரைவு பெற்றது. ஆயினும், அவையின் நடுவே நின்று தனியொருவர் தமிழால் நீதி கேட்கும் காட்சியமைப்பு இளங்கோவன் வகுத்த தடத்திலேயே செல்கின்றது.

பின்வந்தோர்க்கு இயக்கமும் கட்சியும் பத்திரிகையும் இருந்தன. அவர்தம் உரையாடல்கள் நூலாகவும் இசைத்தட்டாகவும் பரவின. இளங்கோவனுக்கு அத்தகைய பின்புலம் இல்லை. திரையில் பெயர் தோன்றி மறைவதோடு எழுத்தாளன் கதை முடிந்துவிடும் துறை அது. புதுமைப்பித்தனின் முடிவையும் இங்கு நினைக்கலாம். ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் புனே சென்று, காசநோயோடு திரும்பி, 1948ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவரை நிலைநிறுத்தியவை திரைக்கு எழுதியவை அல்ல. அச்சில் வந்த சிறுகதைகளே. தம் திறன் முழுவதையும் திரைக்கே அளித்த இளங்கோவனை அவ்வாறு காக்க அச்சுநூல் முன்வரவில்லை.

ஆசிரியர் கடமை

தென்னமரம், நைகல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என வழங்கிய தோட்டப் பெயர்கள் ஒரு காலத்தில் பல நூறு குடும்பங்களின் முகவரிகளாய் இருந்தன. பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை பல இடங்களில் வீடமைப்புக்கு வழிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றது. தோட்டம் விட்டு மக்கள் பெயர்ந்தபோது திடலில் கூடிப் படம் பார்த்த கூட்டமும் கலைந்தது. பாயில் அமர்ந்து பழைய திரைத்தமிழைக் கேட்டு மனனம் செய்தவருள் எஞ்சியிருப்போர் இன்று மிக முதியவர்.

இந்நிலையில் தமிழாசிரியர் செய்யத்தக்கவை இரண்டு. சிலப்பதிகார வழக்குரை காதையைக் கற்பிக்குங்கால், ‘கண்ணகி’ திரைப்படத்தின் அவைக்காட்சியையும் மாணவரைக் கேட்கச் செய்து, காப்பியத்தின் சுருக்கம் திரையில் எவ்வாறு விரிகின்றது, எது கூடிற்று, எது குறைந்தது என ஒப்பிட வைக்கலாம். அடுத்து, அம்மாணவரைத் தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, அவர்கள் தோட்டத்தில் பார்த்த படங்களையும் நினைவிலிருக்கும் பேச்சையும் அவர்கள் சொல்லும் மொழியிலேயே, ஒரு சொல்லும் திருத்தாமல், எழுதிவரச் செய்யலாம். முதற்பயிற்சி இளங்கோவன் தந்த தமிழைக் காக்கும். இரண்டாவது, அவர் திரையில் இடம்பெறாத தமிழைக் காக்கும். இவ்விரண்டும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறும் நாளில், அவருக்கு உரிய இடம் இந்நாட்டு இலக்கிய வரலாற்றில் கிட்டிவிட்டது எனத் துணிந்து கூறலாம்.